ஊர்த் தலைவருக்குச் சாலையோரம் ஒரு நினைவுக்கல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊர் வரலாறு எழுதுகிறவன் என்பதால், நினைவுக்கல் வைக்க நினைப்பவர்கள் வாசகத்தைப் பார்த்துத் தரச் சொல்லி என்னிடம் வருவார்கள். முன்னாள் ஊராட்சித் தலைவரின் பேரன் வருவார், கட்சியின் பழைய கிளைச் செயலாளர் வருவார், பள்ளிக்கூடத்து முன்னாள் மாணவர்கள் வருவார்கள். கேள்விகள் மட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். சட்டம், நடைமுறை எல்லாம் தமிழ்நாட்டுக்கானவை.

நினைவுக்கல், திறப்பு விழா கல்வெட்டு, சிலை, எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. பேருந்து நிலையத்திலும் மேல்நிலைத் தொட்டியிலும் பதித்திருப்பது திறப்புக் கல்வெட்டு. அது அந்தக் கட்டடத்தைப் பற்றியது: எந்தத் திட்டம், எவ்வளவு செலவு, யார் திறந்து வைத்தார். சிலை ஒருவருடைய உருவத்தைக் காட்டுகிறது, பீடத்தில் பெயரும் பிறந்த, இறந்த தேதிகளும் இருந்தால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். நினைவுக்கல் இரண்டும் அல்ல. இன்னார் இந்த இடத்தில் இன்ன காரியம் செய்தார் என்று அந்தப் பக்கமாகப் போகிறவருக்குச் சொல்வது அதன் வேலை.

இந்த வித்தியாசத்தை முதலிலேயே மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் வராது.

இது வெள்ளைக்காரன் கொண்டு வந்த பழக்கம்தானே?

நம்மிடம் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. போரில் விழுந்த மறவர்களின் 'பெயரும் பீடும் எழுதி' அதர்தொறும் நடுகல் நின்றதாக அகநானூற்றின் 67ஆம் பாட்டு சொல்கிறது. அதர் என்றால் வழி. வழிதோறும் கல், அதில் பெயர், அதோடு அவர் செய்த பெருமை. சாலையோர நினைவுக்கல்லுக்கு இதைவிடச் சுருக்கமான இலக்கணம் எனக்குத் தெரியாது.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் வெட்டிய நடுகற்களில் ஒன்று, கூடலூரில் நடந்த ஆகோளில் இறந்த தீயன் அந்துவனின் கல் என்கிறது. ஆகோள் என்றால் ஆநிரை கவர்தல். ஊர், நிகழ்ச்சி, பெயர் எல்லாம் ஒரே வரிக்குள் வந்துவிட்டன. பட்டம் ஒன்றுகூட இல்லை. நடுகற்களைப் பற்றிக் கீழே இன்னும் ஒரு முறை பேச வேண்டியிருக்கும்.

எங்க ஊர் முன்னாள் தலைவருக்கு முச்சந்தியில ஒரு கல் வைக்கணும். யார்கிட்ட அனுமதி வாங்கணும்?

முச்சந்தி சாலைக்குரிய இடம். அங்கே அனுமதி கொடுக்க யாருக்கும் வழி இல்லை. பொதுச் சாலை, நடைபாதை, சாலையோரம், பொதுப் பயன்பாட்டு இடங்கள் ஆகியவற்றில் சிலையோ வேறு கட்டுமானமோ அமைக்க இனி மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று 2013 ஜனவரி 18 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தெருவிளக்கு, உயர்கோபுர விளக்கு, போக்குவரத்து, சாலை மேம்பாடு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு.

அந்த உத்தரவு பிறந்த கதை நம் கேள்விக்கு மிக நெருக்கமானது. கேரளத்தில் நெய்யாற்றின்கரை – பூவார் சாலைச் சந்திப்பில் மறைந்த அரசியல்வாதி சுந்தரன் நாடாருக்குச் சிலை வைக்க அனுமதி கொடுத்திருந்தார்கள். ஊர் மதித்த ஒருவருக்கு ஊர்க்காரர்கள் மரியாதை செய்ய நினைத்ததுதான் அது. நீதிமன்றம் அந்த மனிதரின் தகுதியைப் பார்க்கவில்லை. சாலை நடப்பவர்களுக்கும் வண்டிகளுக்கும் உரியது என்பதைத்தான் பார்த்தது. ஆகவே, 'எங்க தலைவர் அவ்வளவு நல்லவர்' என்ற வாதம் இங்கே எடுபடாது.

பக்கத்து ஊர்ல ரோட்டு நடுவுலயே சிலை நிக்குதே, அது மட்டும் எப்படி?

பெரும்பாலானவை 2013க்கு முன் வைத்தவை. அந்த உத்தரவு 'இனிமேல்' என்று தொடங்குவது. ஆனால் பழையது என்பதால் மட்டும் ஒரு சிலை பத்திரமாக நிற்கும் என்று நினைக்க வேண்டாம். சென்னை காமராஜர் சாலையில் 2006இல் வைத்த சிவாஜி கணேசன் சிலை, போக்குவரத்துக்கு இடையூறு என்று தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவு வந்து, 2017 ஆகஸ்டில் அங்கிருந்து எடுக்கப்பட்டு அடையாறு மணிமண்டபத்துக்குப் போனது. தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த கலைஞரின் சிலைக்கே அதுதான் நிலைமை.

2021 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், பொது இடங்களில் இருக்கும் சிலைகளை எடுத்துத் 'தலைவர்கள் பூங்கா' ஒன்றில் வைக்கலாம் என்ற வழியையும் சொன்னது. இதில் எனக்கு உடன்பாடு பாதிதான். சிலைக்குப் பூங்கா பொருந்தலாம். ஒரு பாலத்தைப் பற்றிய நினைவுக்கல்லை எட்டு மைல் தள்ளி ஒரு பூங்காவில் வைத்தால் அங்கே அதற்குப் பேச எதுவும் இருக்காது.

அப்போ எங்கதான் வைக்கிறது?

அவர் செய்த காரியத்தின் மேலேயே வையுங்கள். அவர் கொண்டுவந்த பள்ளியின் உள்சுவர், அவர் கட்டச்செய்த நூலகத்தின் முகப்பு, சங்கக் கட்டடம், அவர் வாழ்ந்த வீட்டின் வெளிச்சுவர். சுவரில் பதிக்கும் கல்லுக்குத் தரையில் இடமே தேவையில்லை, யாருடைய நடையையும் அது மறிப்பதில்லை. சாலையில் போகிறவர் நின்று படிக்கவும் முடியும். லண்டனில் 1860களிலிருந்து இப்படித்தான் வீட்டுச் சுவர்களில் வட்டப் பலகைகளைப் பதித்து வருகிறார்கள்.

அரசுக் கட்டடம் என்றால் அது எந்தத் துறையுடையதோ அந்தத் துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியர் வாய்மொழியாகச் சரி என்றது போதாது, அவர் அடுத்த ஆண்டு மாற்றலாகிப் போய்விடுவார். பட்டா நிலம் என்றால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கி, அளந்து எல்லை பார்த்து, சாலைப் புறம்போக்குக்குள் ஓர் அடிகூட நீளாமல் வையுங்கள். பட்டா நிலமாக இருந்தாலும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, தேவையான அனுமதியைக் கையில் வாங்கிக்கொண்டு ஆரம்பிப்பதுதான் பாதுகாப்பு. உருவச்சிலை என்றால் இது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கிராம சபையில தீர்மானம் போட்டாப் போதாதா?

தீர்மானம் நல்லது. ஆனால் அது உச்ச நீதிமன்ற உத்தரவைத் தாண்டிச் செல்லாது. சாலையோ பல இடங்களில் நெடுஞ்சாலைத் துறையுடையதாகவோ ஒன்றியத்துடையதாகவோ இருக்கும், அப்போது ஊராட்சி அதை எழுதிக் கொடுக்க முடியாது.

இருந்தாலும் கிராம சபைக்குக் கொண்டு போங்கள் என்றுதான் சொல்வேன். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கூடுகிற சபையில் வாசகத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினால், தப்பு இருந்தால் அங்கேயே ஒரு பெரியவர் எழுந்து சொல்லிவிடுவார். கல்லில் வெட்டிய பிறகு சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

எம்.பி. நிதியில செய்ய முடியுமா?

நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதியில் நினைவுச் சின்னம் அமைக்க அனுமதி கிடையாது. அந்த நிதியில் கட்டிய பணிகளின் மேல் பெயர்ப்பலகை இருக்கிறதே என்று கேட்பார்கள். அது முதல் பதிலில் சொன்ன திறப்புக் கல்வெட்டு வகை, பணியைப் பற்றியது. நினைவுக்கல்லை ஊர்ப் பணத்தில் செய்யுங்கள். ஒரு சுவர்க்கல்லுக்குப் பெரிய தொகை ஆகாது, நூறு பேர் சேர்ந்து கொடுத்தால் அது நூறு பேரின் கல்லாகவும் இருக்கும்.

கல்லுல என்னதான் எழுதுறது?

எங்கள் பக்கத்துப் பேருந்து நிறுத்தத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல் நிற்கிறது. பத்து வரி. முதல் ஆறு வரியும் பட்டங்கள்: ஏழைப் பங்காளர், கொடை வள்ளல், மக்கள் தொண்டர் என்று போகிறது. ஏழாவது வரி பெயர். அப்புறம் வகித்த பதவிகள். சாலையை ஒவ்வொரு முறை புதிதாகப் போடும்போதும் தரை மட்டம் ஏறி ஏறி, கல்லின் கீழ்ப்பகுதி மண்ணுக்குள் போய்விட்டது. ஒரு நாள் உட்கார்ந்து கையால் மண்ணைத் தள்ளிப் பார்த்தேன். பத்தாவது வரி, 'ஓடைப் பாலம் அமையப் பாடுபட்டவர்' என்று இருந்தது. அந்தப் பாலத்தில்தான் நாங்கள் தினமும் போகிறோம். அந்த மனிதரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே வரி அது. அதைத்தான் மண் மூடியிருந்தது.

ஆகவே முதல் வரியில் செயலை எழுதுங்கள். ஒரு மாதிரி சொல்கிறேன்: 'எதிரே தெரியும் கிணறு 1964இல் வெட்டப்பட்டது. அப்போது ஊராட்சித் தலைவராக இருந்த இன்னார், தம் சொந்த நிலத்தை இதற்குக் கொடுத்தார். அதுவரை ஊர்ப் பெண்கள் இரண்டு மைல் நடந்து ஆற்றில் தண்ணீர் எடுத்தார்கள்.' மூன்று வாக்கியம்தான். இதைப் படித்தவருக்குக் கொடை வள்ளல் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பெயரை மட்டும் வைத்துவிட்டு விவரத்தை விட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னை தியாகராய நகரே சாட்சி. தியாகராயர், பனகல் அரசர், நடேசனார், சௌந்தரபாண்டியனார் என்று நீதிக்கட்சிக் காலத்துத் தலைவர்களின் பெயர்கள் அந்த ஒரு பகுதியில் நெருக்கமாக இருக்கின்றன. சௌந்தரபாண்டியனார் அங்காடி, பாண்டி பஜார் ஆகி, அது பாண்டிச்சேரியைக் குறிக்கிறது என்று நம்புகிறவர்களை நானே நிறையப் பார்த்திருக்கிறேன்.

திறந்து வைக்கிறவர் பெயரைப் பெருசாப் போடச் சொல்றாங்க. என்ன பண்றது?

தனிக்கல்லாகப் போடுங்கள், அல்லது அதே கல்லின் கடைசி வரியில் சின்ன எழுத்தில் போடுங்கள். தலைமை, முன்னிலை, வரவேற்புரை என்று அழைப்பிதழில் இருப்பதையெல்லாம் கல்லுக்குக் கொண்டுவர வேண்டாம். அழைப்பிதழின் ஆயுள் ஒரு வாரம், கல்லின் ஆயுள் வேறு. இதைப் பணிவாகச் சொன்னால் பெரும்பாலான சட்டமன்ற உறுப்பினர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம். கூட வருகிறவர்களைச் சம்மதிக்க வைப்பதற்குத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

அவர் எந்த வருஷம் பதவியில இருந்தாருன்னு எப்படிச் சரிபார்க்கிறது? வீட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

முதலில் தேர்தல் நடந்த ஆண்டுகளோடு பொருத்திப் பாருங்கள். 1970களின் பெரும்பகுதியிலும் 1980களின் முதல் பாதியிலும் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தலே நடக்கவில்லை, 1986இல்தான் நடந்தது. அதற்கடுத்தது 1996. பிறகு 2001, 2006, 2011. அப்புறம் 2016 இறுதியிலிருந்து, தேர்ந்தெடுத்த தலைவர்கள் இல்லாத தனி அலுவலர்கள் காலம். ஊரகத் தேர்தல் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரிலும், மீதி 9 மாவட்டங்களில் 2021 அக்டோபரிலும் நடந்தது. நகரங்களுக்கு 2022 பிப்ரவரியில். இதனால் '2017இல் ஊராட்சித் தலைவராக இருந்து சாலை அமைத்தார்' என்று ஒருவர் எழுதிக்கொண்டு வந்தால், அந்த ஆண்டு தப்பு என்று அங்கேயே தெரிந்துவிடும். 'மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றத் தலைவர்' என்பதையும் பார்க்க வேண்டும். 2006இலும் 2022இலும் தலைவர்களைக் கவுன்சிலர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

சட்டமன்ற உறுப்பினர் என்றால் வேலை சுலபம். 1952 முதல் ஒவ்வொரு தேர்தலின் தொகுதிவாரி முடிவையும் தேர்தல் ஆணையம் வெளியிட்டிருக்கிறது. அதில் கவனிக்க வேண்டியவை மூன்று. 1952, 1957 தேர்தல்களில் சில தொகுதிகளுக்கு இரண்டு உறுப்பினர்கள் இருந்தார்கள், ஒரே தொகுதிக்கு இரண்டு பெயர் கண்டால் பதற வேண்டாம். 'எம்.எல்.சி.' என்றால் மேலவை உறுப்பினர், அந்த அவை 1986 நவம்பரில் கலைக்கப்பட்டுவிட்டது. மாநிலத்தின் பெயர் 1969 ஜனவரி 14 அன்றுதான் தமிழ்நாடு ஆனது, அதனால் 1957இல் வென்றவர் சென்னை மாநிலச் சட்டமன்ற உறுப்பினர். மாவட்டமும் அப்படித்தான்: இன்றைய திண்டுக்கல்லும் தேனியும் அன்று மதுரை மாவட்டம்.

ஊராட்சி அளவிலான விவரத்துக்குத் தீர்மானப் பதிவேடுதான் ஆதாரம். பழைய பதிவேடு கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒன்றிய அலுவலகத்துக்கு மனுப் போடுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகம், தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகியவற்றில் பழைய அரசாணைகளையும் இதழ்களையும் தேடலாம். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர் என்றால், 1972இல் வழங்கிய தாமிரப் பத்திரம் வீட்டில் இருக்கிறதா என்று கேளுங்கள். பல வீடுகளில் அது பரணில் கிடக்கிறது.

பெயருக்குப் பின்னால சாதிப் பேரு போடலாமா? எல்லாரும் அப்படித்தான் அவரைக் கூப்பிட்டாங்க.

என் பதில், வேண்டாம். பெயருக்குப் பின்னால் உள்ள சாதிப் பட்டத்தை விட வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. மேலே சொன்ன சௌந்தரபாண்டியனார்தான் அதற்குத் தலைமை. கிட்டத்தட்ட நூறு ஆண்டு ஆகிவிட்டது.

நடைமுறைக் காரணமும் இருக்கிறது. தலைவர்களின் பெயரைச் சாதியோடு சேர்த்துப் பார்த்ததால் தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டு, 1997இல் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் அரசு எடுத்தது. எத்தனையோ சிலைகள் இன்றும் கம்பிக் கூண்டுக்குள் நிற்கின்றன. ஊர் முழுவதற்கும் தண்ணீர் கொண்டுவந்தவரின் கல், ஒரு தெருவுக்கு மட்டும் சொந்தமாகிவிடக் கூடாது. அவர் எழுதிய புத்தகத்திலோ அரசு ஆவணத்திலோ பட்டத்தோடு பெயர் இருந்தால், அதை ஊர் வரலாற்றுப் புத்தகத்தில் அப்படியே எழுதுங்கள். அடையாளக் குழப்பம் வருமென்றால் கல்லில் தந்தை பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

உயிரோட இருக்கிறவருக்கு வைக்கலாமா?

முன்னுதாரணம் உண்டு. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோதே சென்னையில் அவர் சிலையை 1961இல் நேரு திறந்து வைத்தார். அண்ணாசாலையில் இருக்கும் அண்ணா சிலையும் 1968இல், அவர் வாழ்ந்த காலத்திலேயே திறக்கப்பட்டதுதான்.

ஆனாலும் நான் பொறுக்கச் சொல்வேன். லண்டன் வட்டப் பலகைகளுக்கு, இறந்து 20 ஆண்டு ஆகியிருக்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். அவ்வளவு காலம் வேண்டியதில்லை என்றாலும், உயிரோடு இருப்பவரின் கணக்கு இன்னும் முடியவில்லை. அவர் இருக்கும்போதே நீங்கள் செய்ய வேண்டியது வேறு: உட்காரவைத்துப் பேசச் சொல்லி ஒலிப்பதிவு செய்யுங்கள், தேதிகளைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எந்தக் கல் நல்லது? எழுத்து அழியாம இருக்க என்ன செய்யணும்?

கருங்கல். வெள்ளைச் சலவைக்கல் பார்க்க அழகு, ஆனால் மழையிலும் புகையிலும் கறுத்துப் போகும். பித்தளைத் தகடு ஒரு நாள் காணாமல் போகும். மெருகேற்றிய கருங்கல்லில் லேசாகக் கீறித் தங்க வண்ணம் பூசுவதுதான் இப்போது வழக்கம். வண்ணம் சில கோடையில் உதிர்ந்துவிடும், அதற்கப்புறம் எழுத்தைக் காப்பாற்றுவது வெட்டின் ஆழம் மட்டும்தான். வண்ணம் பூசுவதற்கு முன்பே போய்ப் பாருங்கள். வெறும் கல்லில், பக்கவாட்டு வெளிச்சத்தில் படிக்க முடிந்தால் அது நிற்கும்.

தமிழுக்கு இன்னொரு கவலையும் உண்டு, புள்ளி. சின்னதாக, மேலோட்டமாகத் துளைத்த புள்ளி தூசியில் அடைத்துக்கொண்டால் மெய்யெழுத்து உயிர்மெய்யாகிவிடும். புள்ளியை எழுத்தின் மற்ற கோடுகளைவிடக் கொஞ்சம் ஆழமாகவே போடச் சொல்லுங்கள். வெட்டுவதற்கு முன் காகிதத்தில் அதே அளவில் அச்செடுத்து, விஷயம் தெரியாத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். ரகர றகர, னகர ணகரப் பிழைகள் அவர் கண்ணில்தான் முதலில் படும்.

தேர்தல் அறிவிச்சதும் கல்லை மூடிடுறாங்களே?

நடத்தை விதிகள் அமலில் இருக்கும்வரை அரசியல் தலைவர்களின் சிலைகளையும் பெயர்களையும் மறைப்பது வழக்கம். 2012இல் உத்தரப் பிரதேசத்தில் மாயாவதியின் சிலைகளையே மூடினார்கள். எதிர்க்க வேண்டாம். துணி போட்டுக் கட்டச் சொல்லுங்கள். பசை தடவிக் காகிதம் ஒட்டினால், உரிக்கும்போது எழுத்துக்குள் பசை தங்கிவிடும். முடிந்தால் நீங்களே துணி கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம்.

ரோட்டை அகலப்படுத்தப் போறாங்க. எங்க தாத்தா கல்லு போயிடுமா?

அளவெடுக்கும்போதே போய்ப் பேசினால் போகாது. கல்லை நான்கு பக்கமும் படம் எடுங்கள். அதற்கும் பக்கத்தில் நிலையாக இருக்கும் ஏதாவது ஒன்றுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நெடுஞ்சாலைத் துறைக் கோட்டப் பொறியாளருக்கு, கல்லைப் பத்திரமாக எடுத்துத் தரும்படியும், மாற்று இடம் இன்னதென்றும் மனுக் கொடுங்கள். மாற்று இடத்தை நீங்களே சொன்னால்தான் காரியம் நடக்கும். இயந்திரம் வந்து நின்ற பிறகு ஓடுகிறவர்களுக்கு உடைந்த துண்டுகள்தான் கிடைக்கின்றன.

புதிய இடத்தில் வைக்கும்போது, 'முன்பு இன்ன இடத்தில் இருந்தது, இன்ன ஆண்டு மாற்றி வைக்கப்பட்டது' என்று ஒரு சின்ன வரி சேருங்கள். இல்லையென்றால் 'எதிரே தெரியும் கிணறு' என்று எழுதிய கல் ஒரு வெற்றுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

பழைய கல்லுல எழுத்துப் பிழை இருக்கு. திருத்தி வெட்டலாமா?

பிழைதானா என்று முதலில் பாருங்கள். ணை, லை, னை, ணா, றா, னா போன்றவை வேறு வடிவத்தில் இருந்தால் அது பிழை அல்ல, பழைய எழுத்து. 1978இல் அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போடும்வரை அப்படித்தான் எழுதினார்கள். சொல்லப்போனால், தேதி இல்லாத கல்லின் காலத்தைக் கணிக்க அது ஒரு தடயம். அதைத் தொடாதீர்கள்.

உண்மையான தகவல் பிழை என்றால், பழைய கல்லைச் செதுக்காமல் பக்கத்தில் ஒரு சின்னக் கல் வையுங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கல் என்ற சந்தேகம் இருந்தால் சுத்தம் செய்யக்கூட இறங்காமல் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள்.

தலைவர் அந்தம்மாதான். ஆனா ஊரே அவங்க வீட்டுக்காரரைத்தான் தலைவர்னு சொல்லும். யார் பேரைப் போடுறது?

தேர்ந்தெடுக்கப்பட்டவர் யாரோ அவர் பெயரை. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று வந்து, 2016இல் அது பாதியாக உயர்ந்தது. அதன்படி நின்று வென்று கையெழுத்துப் போட்டவர் அவர்தான். தீர்மானப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள், கூட்டம் கூட்டமாக அவர் கையெழுத்து இருக்கும். அந்தக் கையெழுத்தால் ஏதாவது வழக்கு வந்திருந்தால் அதற்குப் பதில் சொல்லப் போயிருக்க வேண்டியவரும் அவர்தான்.

'இன்னாரின் மனைவி' என்று ஆரம்பிக்கிற வாசகங்களையும் மாற்றச் சொல்வேன். ஆண் தலைவர்களின் கல்லில் 'இன்னாரின் கணவர்' என்று யாரும் எழுதிப் பார்த்ததில்லை.

அவர் மேல ஒரு வழக்கு இருந்துச்சு. அதையும் எழுதணுமா?

கல்லில் எழுத வேண்டியது இந்த இடத்தோடு தொடர்புடைய செயலை. வழக்கு அந்தச் செயலைப் பற்றியதே என்றால், உதாரணமாக அந்தப் பாலத்துப் பணத்தைப் பற்றியதென்றால், தீர்ப்பு என்ன என்று பார்க்காமல் கல் வைக்காதீர்கள். தொடர்பே இல்லாத வழக்கு என்றால் கல்லில் இடமில்லை. ஆனால் 'அப்பழுக்கற்றவர்' என்ற சொல்லுக்கும் அப்போது இடமில்லை.

அண்ணாசாலையில் நின்ற பிரிட்டிஷ் படை அதிகாரி கர்னல் நீலின் சிலையை நினைத்துப் பாருங்கள். 1857இல் அவன் செய்த கொடுமைகளை மறக்காதவர்கள் 1927இல் சத்தியாகிரகம் செய்து சிறைக்குப் போனார்கள், 1937இல் சிலை அருங்காட்சியகத்துக்குப் போனது. பீடத்தில் என்ன எழுதியிருந்தாலும் மக்கள் வேறொன்றை நினைவில் வைத்திருந்தார்கள்.

எங்க தலைவரைக் கொன்னுட்டாங்க. கல்லுல 'மறைந்தார்'னு போட்டுடலாம், பிரச்சினை வேண்டாம்னு சிலர் சொல்றாங்க. சரியா?

இது எனக்கு வந்த கேள்விகளிலேயே கனமானது. மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார். தனித்தொகுதியாக்கப்பட்ட ஊராட்சியில், தலித்தாக இருந்துகொண்டு வேட்புமனுப் போட்டு வென்றதுதான் காரணம். அதே ஆண்டு ஏப்ரல் 23 அன்று மதுரை வில்லாபுரத்தில் கவுன்சிலர் லீலாவதி கொல்லப்பட்டார், தம் பகுதி மக்களுக்குக் குடிநீர் கிடைக்கப் போராடியவர். இவர்களைப் பற்றி 'மறைந்தார்' என்று மட்டும் எழுதினால், கேட்கத் தெரியாத பிள்ளை ஏதோ நோய் என்று நினைத்துக்கொள்ளும்.

மேலே இரண்டாவது பதிலில் சொன்னது போன்ற நடுகற்களை எழுதியவர்கள் இதில் தயங்கியதே இல்லை. தொறு மீட்டுப் பட்டான் என்று வெட்டினார்கள். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் விழுந்து இறந்தான். எதற்காக, எப்படி என்று அதிலேயே இருக்கிறது. நீங்களும் 'கொல்லப்பட்டார்' என்றே எழுதலாம், தேதியையும் காரணத்தையும் சேர்த்து எழுதலாம். காரணத்தை நீதிமன்றத் தீர்ப்பில் உள்ளபடி எடுத்துக்கொள்ளுங்கள், ஊரில் பேசிக்கொள்வதை எடுக்க வேண்டாம். கொன்றவர்களின் பெயர் கல்லில் வேண்டாம். அவர் கூடவே இறந்தவர்கள் இருந்தால் அவர்கள் பெயரை ஒன்றுகூட விடாமல், அவர் பெயருக்கு இட்ட அதே அளவு எழுத்தில் வெட்டுங்கள்.